தொற்றுநோய் உயிரியலும் கட்டுப்பாடும்: வெளிநாட்டில் முதுநிலை படிக்க எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

நுண்ணோக்கி கேட்டது:

வணக்கம். நுண்ணுயிரியலில் இளநிலை முடித்துவிட்டு ஒரு நோயறியும் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். சளி மாதிரிகள்தான் அதிகம் வரும். ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்தில் போட்டு, காசநோய் இருக்கிறதா, ரிஃபாம்பிசின் மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்று பார்த்துச் சொல்வோம். வெளிநாட்டில் தொற்றுநோய் சார்ந்த முதுநிலை படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. இந்த முறை விண்ணப்பித்தே தீருவது என்று தேட உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் அண்ட் ட்ராபிகல் மெடிசினில் மட்டுமே தொற்றுநோய்க் கட்டுப்பாடு, மருத்துவ ஒட்டுண்ணியியல், மருத்துவ நுண்ணுயிரியல், தொற்றுநோய்களின் நோயெதிர்ப்பியல் என்று தனித்தனியாக நடத்துகிறார்கள். லிவர்பூலில் வெப்பமண்டல நோய்களின் உயிரியல் என்று ஒன்று. ஆன்ட்வெர்ப், பாசெல், பாங்காக் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லா இணையதளத்திலும் உலக சுகாதாரம், ஆராய்ச்சித் திறன், கட்டுப்பாட்டு உத்திகள் என்று அதே வார்த்தைகள். எல்லாவற்றையும் படித்த பிறகும், அங்கே போனால் காலை முதல் மாலை வரை என்னதான் செய்வோம் என்பது எனக்குப் புரியவில்லை.

உயிரியல் பக்கம் கனமான படிப்பு நல்லதா, பொதுச் சுகாதாரமும் கட்டுப்பாடும் கனமாக இருக்கும் படிப்பு நல்லதா? நான் மருத்துவர் இல்லை, அது பின்னால் இடிக்குமா? கணக்கு எனக்குப் பள்ளியோடு நின்றுவிட்டது. பிரிட்டனில் ஒரே வருடத்தில் முடித்துவிடுகிறார்களே, அது போதுமா? பணத்துக்கு என்ன வழி? தரவரிசையைப் பார்த்துப் போடு என்று எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அதைத் தாண்டி, படித்தவர்கள் யாராவது சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.


கொசுவலை எழுதியது:

தரவரிசையை முதலில் ஓரமாக வையுங்கள். தொற்றுநோய் என்ற ஒரே பெயருக்குள் மூன்று வேலைகள் இருக்கின்றன. கிருமியையோ ஒட்டுண்ணியையோ அக்குவேறாகப் பிரித்துப் பார்க்கும் ஆய்வக வேலை ஒன்று. அதைச் சுமந்து திரியும் கொசு, ஈ, நத்தை இவற்றோடு மல்லுக்கட்டுவது இன்னொன்று. மக்களிடையே நோய் எப்படி ஓடுகிறது, எங்கே மறிக்கலாம் என்று எண்களைக் கொண்டு பார்ப்பது மூன்றாவது. நான் இரண்டாவது ஆள், அதனால் என் பேச்சு அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

உயிரியலா கட்டுப்பாடா என்ற கேள்விக்கு என் பதில், அந்த இரண்டையும் வெட்டிப் பிரித்துச் சொல்லித்தரும் படிப்பைத் தவிர்த்துவிடுங்கள் என்பதுதான். மலேரியாவுக்குக் கொடுக்கும் மருந்து தோய்ந்த கொசுவலையையே எடுத்துக்கொள்வோம். நெடுங்காலம் அதில் பைரெத்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி மட்டும்தான் இருந்தது. கொசுவுக்கு அது பழகிவிட்டது என்று பொதுவாகச் சொல்லிவிடலாம், ஆனால் எப்படித் தப்பிக்கிறது என்று தெரியாமல் அடுத்து எந்த வலை வாங்குவது என்று முடிவெடுக்க முடியாது. சில கொசுக்களில் நரம்பில் மருந்து போய் ஒட்ட வேண்டிய சோடியம் வாயிலின் புரதமே மாறியிருக்கும். வேறு சிலவற்றில் மருந்தைச் சிதைத்துவிடும் பி450 நொதிகள் அதிகமாக உண்டாகும். பிபிஓ என்ற துணைப்பொருளைப் பைரெத்ராய்டோடு சேர்த்த வலை அந்த நொதிகளை முடக்குகிறது, அதனால் இரண்டாவது வகைக் கொசுவிடம் எடுபடும், முதல் வகை மட்டும் இருக்கும் இடத்தில் அதனால் பெரிய லாபம் இல்லை. குளோர்ஃபெனாபிர் சேர்த்த வலையின் வழி வேறு. அது நரம்பைக் குறிவைக்காமல் செல்லுக்குள் ஆற்றல் உண்டாவதைக் கெடுத்துக் கொல்கிறது. பைரெத்ராய்டுக்கு எதிர்ப்பு வந்துவிட்ட இடங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2023இல் அதைப் பரிந்துரைத்தது. லட்சக்கணக்கில் வலை வாங்கக் கையெழுத்துப் போடும் அதிகாரிக்கு இந்த நொதிக் கதையை எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் படிப்பைத்தான் நீங்கள் தேட வேண்டும்.

காலை முதல் மாலை வரை என்ன செய்வோம் என்று கேட்டிருந்தீர்கள். ஒட்டுண்ணி, பூச்சி பக்கம் போனால் முதல் சில மாதங்கள் கண்ணுக்குத்தான் வேலை. தடித்த இரத்தப் பூச்சு, மெல்லிய இரத்தப் பூச்சு, ஜீம்சா சாயம், எந்த வகை பிளாஸ்மோடியம் (மலேரியா ஒட்டுண்ணி), மல மாதிரியில் எந்தப் புழுவின் முட்டை, இப்படி நுண்ணோக்கி முன்னால் நேரம் போகும். உங்களுக்கு அது ஏற்கெனவே பழகியிருக்கும். பிறகு கொசு வகை பிரிப்பது. ஆப்பிரிக்காவில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கேம்பியே குழுவில் உள்ள இனங்களை உருவத்தைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது, பிசிஆர் செய்தாக வேண்டும். பூச்சிக்கொல்லிச் சோதனையில் மருந்து தோய்த்த தாளைச் சுற்றிய குழாயில் கொசுக்களை ஒரு மணி நேரம் விட்டு, 24 மணி நேரம் கழித்து எத்தனை செத்தன என்று எண்ணுவோம். 98 சதவீதமோ அதற்கு மேலோ செத்தால் மருந்து இன்னும் கேட்கிறது என்று அர்த்தம். 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் அந்தக் கொசுக்களை ஒரே வயதில், நன்றாகத் தின்று வளர்ந்தவையாகத் தயார் செய்வதில்தான் பாதி உழைப்பு.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். வருடக் கடைசியில், பெரும்பாலும் கோடையில், ஒரு ஆய்வுத் திட்டம் வரும். படிப்பின் உயிரே அதில்தான் இருக்கிறது. போன வருட மாணவர்கள் திட்டத்துக்கு எங்கே போனார்கள், என்ன செய்தார்கள் என்று விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். நீங்கள் முதலில் சொன்ன லண்டன் பள்ளியோடு, காம்பியாவிலும் உகாண்டாவிலும் உள்ள எம்ஆர்சி (பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு) ஆய்வு நிலையங்கள் 2018இல் இணைந்தன. பாங்காக்கின் மஹிடோல் பல்கலைக்கழகத்தில் ஆக்ஸ்ஃபோர்டுடன் சேர்ந்து நடத்தும் ஆய்வுப் பிரிவு பல காலமாக இருக்கிறது. இப்படி நோய் இருக்கும் இடத்தோடு உறவு வைத்திருக்கும் நிறுவனத்தில் கிடைக்கும் திட்டத்துக்குத் தனி மதிப்பு உண்டு.


ஆர்_நாட் எழுதியது:

கொசுவலை சொன்னதில் பெரும்பகுதியோடு எனக்கு உடன்பாடு. ஆனால் நுண்ணோக்கி, கணக்கு பள்ளியோடு நின்றுவிட்டது என்று நீங்கள் எழுதிய வரிதான் எனக்கு உறுத்துகிறது. கணக்குக்குப் பயந்து ஆய்வகப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் நிறைய. ஆய்வகம் பிடித்துப் போனால் நல்லது, பயந்து மட்டும் போகாதீர்கள்.

ரொனால்ட் ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றுச் சுவரில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார், 1902இல் நோபல் பரிசு பெற்றார், இது எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகு அவர் பெரிய அக்கறையோடு செய்தது சமன்பாடுகள் எழுதியதைத்தான். எல்லாக் கொசுவையும் ஒழிக்க முடியாதே, பிறகு எதற்கு முயற்சி என்று கேட்டவர்களுக்கு, எல்லாவற்றையும் ஒழிக்க வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே குறைத்தாலே மலேரியா தானாக அடங்கும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். 1950களில் ஜார்ஜ் மெக்டொனால்ட் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார். கொசுவுக்குள் போன ஒட்டுண்ணி அடுத்தவருக்குத் தொற்றும் நிலைக்கு வளர ஏறக்குறைய பத்து நாள் ஆகும், வெப்பநிலையைப் பொறுத்து அது கூடலாம் குறையலாம். ஒரு கொசு ஒரு நாளைத் தாண்டிப் பிழைக்க 90 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், பத்து நாள் பிழைப்பது நூற்றுக்கு 35. அந்த 90ஐ 80 ஆகக் குறைத்தால் நூற்றுக்கு 11 கூட வராது. 0.9ஐயும் 0.8ஐயும் பத்துப் பத்து முறை பெருக்கிப் பாருங்கள், வந்துவிடும். தண்ணீரில் கொசுப்புழுக்களைக் கொன்று கொசுவின் எண்ணிக்கையைப் பாதியாக்கினால் நோய் பரவும் வேகமும் பாதிதான் ஆகும். வீட்டுக்குள் வந்து உட்காரும் வளர்ந்த கொசுவின் ஆயுளைக் கொஞ்சம் குறைத்தால் விளைவு பல மடங்கு. வலையும் வீட்டுச் சுவரில் மருந்தடிப்பதும் ஏன் அவ்வளவு பலன் தந்தன என்பதற்கு இதுதான் அடிப்படை. இதில் உயிரியல் எங்கே முடிகிறது, கணக்கு எங்கே தொடங்குகிறது என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

தட்டம்மையும் அப்படித்தான். எதிர்ப்புச் சக்தியே இல்லாத கூட்டத்தில் ஒருவரிடமிருந்து 12 முதல் 18 பேருக்குத் தொற்றும் என்று பாடநூல்களில் போட்டிருக்கும். அதிலிருந்து, பரவல் நிற்க எத்தனை பேருக்கு எதிர்ப்பு வேண்டும் என்று பார்த்தால் 92 முதல் 94 சதவீதம் வரும். ஒரு தவணை தடுப்பூசி கிட்டத்தட்ட 93 சதவீதம் பேருக்குத்தான் பிடிக்கும். ஆக எல்லோருக்கும் ஒரு தவணை போட்டாலும் விளிம்பில்தான் நிற்போம், இரண்டாவது தவணை இல்லாமல் ஆகாது.

தொடக்கத்தில் உங்களுக்குத் தேவைப்படுவது பின்னம், மடக்கை, நிகழ்தகவு இவ்வளவுதான். மற்றதைச் சொல்லித் தருவார்கள். ஆர் என்ற இலவச மென்பொருளை இப்போதே இறக்கி, உங்கள் ஆய்வகத்தில் கிடைப்பது போன்ற ஒரு அட்டவணையை நீங்களே உருவாக்கி விளையாடிப் பாருங்கள். போகும்போது அது கையில் இருந்தால் முதல் பருவத்தில் மூச்சு விடலாம்.

மருத்துவர் இல்லை என்பது இடிக்காது. வெப்பமண்டல மருத்துவ டிப்ளமோ போன்றவையும், லண்டனில் வெப்பமண்டல மருத்துவமும் சர்வதேச சுகாதாரமும் என்ற முதுநிலையும் மருத்துவர்களுக்கானவை, அவற்றை விட்டுவிடுங்கள். மற்ற பெரும்பாலானவற்றுக்கு உயிரியல் பட்டம் போதும். நோய்ப்பரவலை விசாரிக்கப் போகும் குழுவில் ஆய்வகத்துக்காரர், பூச்சியியலாளர், புள்ளியியலாளர் என்று எல்லோரும் இருப்பார்கள்.

ஒரு வருடம் போதுமா? வேலைக்குப் போக, அல்லது ஒரு துறையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவப் போதும். முனைவர் பட்டம்தான் குறி, அதுவும் ஆய்வகத்தில் என்றால் ஐரோப்பாவின் இரண்டு வருடப் படிப்புகள் எனக்குப் பிடிக்கும், ஆய்வேட்டுக்கு நிறைய மாதங்கள் கிடைக்கும். ஒரு வருடப் படிப்பில் கிடைக்கும் மூன்று மாதத்தில் ஒரு சோதனையை நிலைநிறுத்துவதற்குள் திட்டமே முடிந்துபோகும்.


கொசுவலை எழுதியது:

ஆர்_நாட் சொன்ன கணக்கோடு ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். அந்த 90, 80 எல்லாம் எங்கிருந்து வருகின்றன? களத்தில் பிடித்த கொசுவின் சூலகத்தை ஊசி முனையால் பிரித்து, அதைச் சுற்றியுள்ள நுண்ணிய மூச்சுக்குழல்கள் சுருண்டிருக்கின்றனவா, விரிந்துவிட்டனவா என்று பார்ப்போம். விரிந்திருந்தால் ஏற்கெனவே முட்டையிட்ட வயதான கொசு. அப்படிப்பட்டவை எத்தனை பங்கு என்பதை வைத்துத்தான் ஒரு நாள் பிழைக்கும் வாய்ப்பைக் கணிக்கிறோம்.


கடவுச்சீட்டு எழுதியது:

பணத்தையும் விசாவையும் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், விண்ணப்பிக்கும் வாரத்தில் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

பிரிட்டனுக்கு: அந்நாட்டு அரசின் செவனிங் உதவித்தொகை ஒரு வருட முதுநிலைக்கு முழுச் செலவையும் தரும். 2,800 மணி நேர வேலை அனுபவம் வேண்டும், ஏறக்குறைய இரண்டு வருட முழுநேர வேலை. படித்து முடித்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும். ஆகஸ்டில் திறந்து அக்டோபரில் மூடுவது வழக்கம், பலர் பல்கலைக்கழக இடத்துக்கே விண்ணப்பிக்காத நேரம் அது, அதனால்தான் தவறவிடுகிறார்கள். காமன்வெல்த் நாட்டவராக இருந்தால் காமன்வெல்த் உதவித்தொகைகளையும் பாருங்கள். தொலைநிலைப் படிப்புக்கும் அதில் தனி வகை உண்டு. லண்டன் பள்ளி நடத்தும் தொற்றுநோய்கள் முதுநிலையை லண்டன் பல்கலைக்கழகம் வழியாக வேலையில் இருந்துகொண்டே தொலைநிலையில் படிக்கலாம். ஆய்வகச் செய்முறை அதில் இல்லை, ஆனால் நீங்கள் ஏற்கெனவே ஆய்வகத்தில்தானே இருக்கிறீர்கள், யோசித்துப் பாருங்கள்.

2024 ஜனவரியிலிருந்து வகுப்பு வழி முதுநிலை மாணவர்கள் கணவரையோ மனைவியையோ குழந்தைகளையோ பிரிட்டனுக்கு உடன் அழைத்துப் போக முடியாது. குடும்பம் இருப்பவர்கள் இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம்தான் வேலை. படிப்புக்குப் பிறகு தங்கி வேலை தேடும் விசா இரண்டு வருடமாக இருந்தது, 2027 ஜனவரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம். காசநோய் அதிகமுள்ள நாடுகளிலிருந்து போகிறவர்கள் மார்பு எக்ஸ்ரே எடுத்துச் சான்றிதழ் காட்ட வேண்டும். சளி மாதிரியோடு நாள் முழுக்க இருக்கும் நீங்கள் அதை நாள் கடத்தாமல் எடுத்துவிடுங்கள்.

ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள், ஹைடல்பெர்க் அங்கேதான் இருக்கிறது. வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று நடத்தும் சில பொதுச் சுகாதார முதுநிலைகளுக்குத் தனிக் கட்டணம், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்ற வங்கிக் கணக்கு) ஒரு வருடச் செலவைப் போட்டுக் காட்ட வேண்டும், 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் தரும் எபோஸ் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், கடைசிப் பட்டம் வாங்கி ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டுப் படிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். இரண்டு மூன்று நாடுகளில் மாறி மாறிப் படிக்கலாம், உதவித்தொகை கிடைத்தால் கட்டணமும் மாதச் செலவும் அதிலேயே அடங்கிவிடும். தொற்றுநோய்களையும் மனிதர், விலங்கு, சூழல் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் படிப்பு ஒன்றும் அதில் இருக்கிறது.


நுண்ணோக்கி எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. 0.9ஐப் பத்து முறை பெருக்கிப் பார்த்தேன், வந்துவிட்டது. இதைப் படித்த பிறகு எனக்கு ஒன்று தெளிவாகிறது. கொசு என் துறை இல்லை. நான் தினமும் பார்ப்பது காசநோய்தான், என் கேள்வியும் அங்கேதான் இருக்கிறது. எங்கள் இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. ஆனால் அந்த நோயாளி சரியான மருந்தைத் தொடங்க வாரக்கணக்கில் ஆகிறது, சிலர் திரும்பி வருவதே இல்லை. முடிவை அச்சடித்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்துவிடுகிறது, அது எனக்குப் போதவில்லை. இது ஒரு படிப்புக்கான கேள்வியா, இல்லை நிர்வாகத்தைப் பற்றிய புலம்பல்தானா? நோக்க அறிக்கையில் இதை எழுதலாமா? எல்லோரும் சின்ன வயதிலிருந்தே அறிவியல் பிடிக்கும் என்றுதான் தொடங்கச் சொல்கிறார்கள்.


களப்பணி எழுதியது:

புலம்பல் இல்லை, அதுதான் கேள்வி. அதையே முதல் வரியாக எழுதுங்கள். நோய்க்கட்டுப்பாட்டுத் திட்டங்களில் வேலை செய்கிறேன், எங்களுக்கு வந்து சேர வேண்டியவர்கள் இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள்தான்.

நோய் கண்ட நூறு பேரில் எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, எத்தனை பேர் மருந்து தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று படிப்படியாகப் பார்ப்பது காசநோய் ஆராய்ச்சியில் பெரிய பகுதி. எந்தப் படியில் ஆட்கள் உதிர்கிறார்கள் என்று தெரிந்தால்தான் பணத்தை எங்கே போடுவது என்று சொல்ல முடியும். முன்பு மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு 18 மாதமும் அதற்கு மேலும் சிகிச்சை, பாதியில் விட்டுப் போனவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினெசோலிட், மாக்ஸிஃப்ளாக்ஸசின் சேர்ந்த ஆறு மாதச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்த பிறகு கணக்கே மாறியது. இப்போது சீக்கிரம் கண்டுபிடிப்பதற்கும் சீக்கிரம் தொடங்குவதற்கும் முன்பைவிட அதிக அர்த்தம் இருக்கிறது.

உங்கள் இயந்திரத்தையே உயிரியல் கண்ணோடும் பாருங்கள். அது கிருமியின் ஆர்பிஓபி மரபணுவில் 81 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு சின்னப் பகுதியை மட்டும்தான் பார்க்கிறது. அந்தப் பகுதிக்கு வெளியே உண்டாகும் மாற்றம் அதன் கண்ணில் படாது. தென் ஆப்பிரிக்கப் பகுதியில் உள்ள எஸ்வாட்டினி நாட்டில் அப்படி ஒரு மாற்றத்தைக் கொண்ட கிருமி பரவி, மருந்து கேட்காத நோயாளிகளை மருந்து கேட்கும் என்று இயந்திரம் காட்டியது. அந்தச் சோதனையில் இன்னொரு முக்கியக் காசநோய் மருந்தான ஐசோனியாசிட்டுக்கு உள்ள எதிர்ப்பும் தெரியாது. ஆக நோயாளி உதிர்வது ஒரு பக்கம், இயந்திரமே தவறவிடுவது இன்னொரு பக்கம், இரண்டும் சேர்ந்ததுதான் நீங்கள் தேடும் படிப்பு. ஆன்ட்வெர்ப் நிறுவனத்தில் காசநோய்க்கான பன்னாட்டு ஆதார ஆய்வகம் உண்டு. லண்டன் பள்ளியில் காசநோயில் ஆய்வகம், புள்ளியியல், களம் மூன்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள். தரவரிசையில் அவற்றைவிட மேலே இருக்கும் பெரிய பல்கலைக்கழகங்களில் காசநோய்க்கென்று ஒருவர்கூட இல்லாமல் இருக்கலாம்.

உயிரியலைப் படித்து முடித்துவிட்டோம், இனிக் கட்டுப்பாடு மட்டும்தான் என்று யாராவது சொன்னால், குடிநீர் வழியாக உடலுக்குள் போய்த் தோலைத் துளைத்து வெளியே வரும் கினிப்புழுவை நினைத்துக்கொள்ளுங்கள். 1986இல் ஏறக்குறைய 35 லட்சம் பேருக்கு இருந்த நோய், தடுப்பூசியும் இல்லை, மருந்தும் இல்லை, தண்ணீரைத் துணியில் வடிகட்டுவதும் புழு வெளியே வரும் நோயாளியைக் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுமாகவே இப்போது ஆண்டுக்கு இருபதுக்கும் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். முடியப்போகிறது என்று இருந்தபோது 2012இல் சாட் நாட்டில் நாய்களில் புழு தென்பட்டது. பரவும் பாதை பற்றி மறுபடி முதலிலிருந்து ஆராய வேண்டியதாகிவிட்டது. மீன் குடலை நாய் தின்னாமல் புதைப்பதும் நாய்களைக் கட்டிவைப்பதும் திட்டத்துக்குள் வந்தது அதன் பிறகுதான்.

நோக்க அறிக்கையில் சிறுவயது ஆசை எல்லாம் வேண்டாம். உங்கள் மேசையில் என்ன பார்த்தீர்கள், அதிலிருந்து என்ன கேள்வி வந்தது, அதற்கு அந்தப் படிப்பில் யாரிடம், எந்தப் பாடத்தில் பதில் தேடப் போகிறீர்கள், அவ்வளவுதான். பேராசிரியருக்கு மின்னஞ்சல் எழுதும்போது அவருடைய ஒரு கட்டுரையையாவது உண்மையாகப் படித்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அதில் தவறில்லை. பரிந்துரைக் கடிதங்களில் ஒன்று கட்டாயம் உங்கள் ஆய்வகத் தலைவரிடமிருந்து இருக்கட்டும். ஆய்வகத்தில் பார்த்ததைப் பற்றி எழுதும்போது நோயாளியை அடையாளம் காட்டும் எதுவும் வந்துவிடக் கூடாது. தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் கவனிப்பார்கள்.